மூலப்படியை நம்பலாமா?



பெங்களூரிலும் புனேயிலும் கணினி நிரல் எழுதும் தொழிலில் நம் இளைஞர் பலர் இருக்கின்றனர். அவர்கள் கையாளும் சோதனை முறைகளுள் ஒன்று ‘ஸ்னாப்ஷாட்’ சோதனை. அதனைப் பற்றிச் சில சொற்கள் கூற விரும்புகிறேன்.

முறை எளியது. ஒரு நிரல் மின்கட்டணச் சீட்டுத் தயாரிக்கிறது என்று கொள்வோம். முதல் முறை அது தரும் சீட்டை எழுத்துக்கு எழுத்துச் சேமித்து வைப்பார்கள். பின்னர் நிரலைத் திருத்தும்போதெல்லாம், புதிய சீட்டை அந்த மூலப்படியோடு கணினியே ஒத்துப் பார்க்கும். ஓர் எழுத்து மாறினும் சோதனை தோல்வி என்று அறிவித்து, மாறிய வரிகளைக் காட்டும். வேண்டுமென்றே செய்த மாற்றமாயின், ஓர் ஆணையிட்டுப் புதியதையே மூலப்படியாக்கிக் கொள்ளலாம். 2016-இல் ஃபேஸ்புக் நிறுவனத்தின் ‘ஜெஸ்ட்’ என்னும் கருவியில் இவ்வசதி சேர்ந்தபின் இம்முறை பெரிதும் பரவிற்று.

இதன் அடிப்படைக் கருத்து பழையதே. பழைய நிரலைத் திருத்துமுன், அது இப்போது என்ன செய்கிறது என்பதைச் சோதனையாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று மைக்கேல் ஃபெதர்ஸ் 2004-இல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை தேவை. மூலப்படி நேற்று இருந்ததைச் சொல்லுமேயன்றி, சரியானது எது என்று சொல்லாது.

இதனை நான் என் தொழிலில் கற்றேன். உதவித்தொகைப் படிவம் ஒன்றின் தமிழாக்கத்தை ஆண்டுதோறும் சென்ற ஆண்டுப் படியோடு ஒத்துப் பார்த்து, மாற்றமில்லை என்று கையொப்பமிட்டு வந்தேன். நான்காம் ஆண்டில் மூதாட்டி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். ‘கைம்பெண்கள் உட்பட’ என்றிருக்க வேண்டிய இடத்தில் ‘கைம்பெண்கள் நீங்கலாக’ என்று அச்சாகியிருந்தது. அச்சொல்லை நம்பி அவர் மூன்றாண்டுகள் விண்ணப்பிக்கவே இல்லை. பிழை முதற் படியிலேயே இருந்தது. என் ஒப்பீடு அதனை ஆண்டுதோறும் பத்திரமாகக் காத்து வந்தது. அன்று அவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நிரலாளர்க்கும் இது பொருந்தும். முதற் படியை ஒருவர் வரிவரியாகப் படித்தல் வேண்டும். தொகை, தகுதி போன்றவற்றுக்கு விதியைப் பார்த்துக் கையால் கணக்கிட்ட விடையைத் தனிச் சோதனையாக வைத்தல் வேண்டும். நாளுக்கு நாள் மாறும் தேதியை நிலையான ஒரு தேதியாக்கிச் சோதித்தல் நன்று. இல்லையேல் வீண் தோல்விகள் பெருகும். அவற்றில் சலித்த கை, படிக்காமலே புதிய படியை ஏற்கப் பழகிவிடும்.

ஒப்பிடுவது கணினியின் வேலை; படிப்பது நம் கடமை.