இரு விதிநூல்களும் ஓர் இணையமும்



ஒரு மொழிக்கு இலக்கணத்தை ஒரு சபையும் சொற்றொகுதியை வேறொரு சபையும் இயற்றினால், அவை முரண்படாது காப்பது எங்ஙனம்? இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ற் மொழிக்கு இந்நிலை உண்மையாகவே வாய்த்துள்ளது.

1995ஆம் ஆண்டில் நெற்ஸ்கேப் நிறுவனத்திலிருந்த பிரெண்டன் ஐக் இம்மொழியை ஆக்கினார். 1997இல் ஜெனீவாவிலுள்ள எக்மா அமைப்பு அதன் முதலாவது நியமத்தை வெளியிட்டது. இலக்கணம் அவ்வமைப்பின் பொறுப்பு. ஆயின், பக்கத்தை மாற்றுதல், தொலைவிலிருந்து தகவல் பெறுதல் முதலியவற்றுக்கு உலாவிகள் வழங்கும் கருவிகள் அந்நூலில் அடங்கா. அவற்றை வேறு குழுவினர் வகுக்கின்றனர். கருவி எதனைப் பெறும், எதனைத் தரும் என்று திட்டமாக எழுதுவதற்கு 'வெப் ஐடிஎல்' என்னும் விவரண மொழி உண்டு.

2015 தொடக்கம் எக்மாவின் நியமம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகின்றது. ஆதலின் விவரண மொழியும் அதனுடன் நடைபோட வேண்டும். 2020ஆம் ஆண்டு நியமத்தில் பேரெண்களுக்கான 'பிக்இன்ற்' வகை சேர்ந்தது. வெப் ஐடிஎல்லும் அதற்கு இடமளித்தது.

இதனினும் சிறந்த உதாரணம் 'புறொமிஸ்', அதாவது வாக்குறுதி. தொலைவிலிருந்து வரவேண்டிய விடை உடனே கிட்டாது. ஆகவே கருவி, பின்னர் விடை தருவதாக ஒரு வாக்குறுதியை முதலில் கையளிக்கும். இக்கருத்து 2013இல் உலாவிக் கருவிகளின் விதிநூலிலே 'பியூச்சர்' என்ற பெயருடன் தோன்றியது. இரு சபைகளும் தத்தமக்கென ஒவ்வொன்று அமைத்திருப்பின், ஒன்றோடொன்று பொருந்தாத இருவகை வாக்குறுதிகள் தோன்றியிருக்கும். நல்லூழாக அது பெயர் மாறி, 2015இல் மொழியின் நியமத்திலேயே இடம்பெற்றது. வெப் ஐடிஎல் அதனை ஏற்று, ஒரு விதியையும் வகுத்தது: வாக்குறுதி தரும் கருவியில் வழு நேரினும், அவ்வழுவையும் நிறைவேறாத வாக்குறுதியாகவே திருப்புதல் வேண்டும். ஆகவே, நிரல் எழுதுவோர் வழுக்களை ஈரிடத்தில் தேட வேண்டியதில்லை.

புதுமைக்கு எல்லையும் உண்டு. 2018இல் அணிகளைத் தட்டையாக்கும் புதிய செயலுக்கு 'பிளாற்றன்' என்று பெயரிட முயன்றனர். மூடூல்ஸ் என்னும் பழைய நிரல் தொகுதி அப்பெயரை முன்னரே கையாண்டிருந்தமையால், அதனை நம்பிய தளங்கள் பழுதுறும் எனக் கண்டனர். பெயர் 'பிளாற்' எனச் சுருங்கி, 2019ஆம் ஆண்டு நியமத்தில் ஏறியது.

என்றோ எழுதப்பட்டு, எழுதியவராலும் மறக்கப்பட்ட பக்கமும் இன்று திறக்க வேண்டும். அவ்வாறு திறப்பது, இரு சபையாரும் ஒருவர் ஏட்டை ஒருவர் ஓயாது படித்துத் திருத்துவதன் பயனாகும்.