விலை பேசப்பட்ட தீவுகள்
(ஆண்டு விழாச் சொற்பொழிவு)

 

அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின்வந்த ஆண்டுகளைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்தனர். வாஷிங்டன் எங்கே, போர்ட் பிளேர் எங்கே என்று நீங்கள் வியக்கலாம். அதே ஆண்டுகளில்தான் நம் நிக்கோபார்த் தீவுகளும் கைமாறின. ஆகவே இரண்டையும் சேர்த்தே காண்போம்.

1865 ஏப்ரலில் தென் மாநிலங்களின் பெரும்படை பணிந்தது. அதே வாரத்தில் லிங்கன் சுடப்பட்டு மாண்டார். அவ்வாண்டு டிசம்பரில் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. சிதைந்த தென் மாநிலங்களைத் திருத்தி அமைத்த அக்காலத்தை மறுசீரமைப்புக் காலம் என்பர். 1867 மார்ச் 2ஆம் நாள், குடியரசுத் தலைவர் ஜான்சனின் மறுப்பையும் மீறி, நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. நிறவேறுபாடின்றி ஆடவர் வாக்களித்துத் தென் மாநிலங்களின் புதிய அரசியலமைப்புகளை வகுக்க வேண்டும் என்றது அச்சட்டம். சந்தையில் விலை கூறி விற்கப்பட்ட மனிதர், வாக்களிக்க வரிசையில் நின்றனர். உலக வரலாற்றில் பெருமைக்குரிய காட்சி அது!

ஆனால் அதே மார்ச் 30ஆம் நாள், அதே அரசு அலாஸ்காவை ரஷ்யாவிடமிருந்து 72 இலட்சம் டாலருக்கு வாங்கும் உடன்படிக்கையில் கையொப்பமிட்டது. அங்குத் தங்கிவிடும் மக்களுக்குக் குடியுரிமை உண்டு என்ற அவ்வுடன்படிக்கை, நாகரிகமற்ற பழங்குடிகள் என்று அது கருதியவர்களை விலக்கிவிட்டது. நிலத்துக்கு உரியவரை எவரும் கேட்கவில்லை. ஒரு கையால் உரிமை வழங்கிய அரசு, மறு கையால் உரிமையை மறந்தது.

அடுத்து டென்மார்க்கு. 1867 அக்டோபரில் அந்நாடு மேற்கிந்தியத் தீவுகளில் தனக்கிருந்த செயிண்ட் தாமஸ், செயிண்ட் ஜான் இரண்டையும் 75 இலட்சம் டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்க இசைந்தது. அத்தீவினரின் கருத்தறிய 1868 சனவரியில் வாக்கெடுப்பும் நடந்தது. மக்கள் இசைந்தனர்; அமெரிக்க மேலவை இசையவில்லை. அவ்விற்பனை நின்றது, 1917இல்தான் அத்தீவுகள் அமெரிக்காவிடம் சேர்ந்தன.

அதே டென்மார்க்கு, 1868 அக்டோபர் 16ஆம் நாள் நிக்கோபார்த் தீவுகளில் தனக்கிருந்த உரிமையை ஆங்கிலேயருக்கு விற்றது. இங்கு வாக்கெடுப்பு உண்டா? இல்லை. 1869இல் நிக்கோபார் பிரிட்டிஷ் இந்தியாவில் சேர்ந்தது. கமோர்ட்டாவில் கைதிகள் குடியேற்றம் ஒன்றும் அமைந்தது. 1888இல் அதையும் கைவிட்டனர்.

டென்மார்க்குக்கு அவ்வுரிமை எப்படி வந்தது? நம் தரங்கம்பாடியிலிருந்தே வந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்த உடன்படிக்கையால் டேனியர் அங்குக் கோட்டை கட்டினர். அங்கிருந்து 1755இல் நிக்கோபாருக்கு ஆள் அனுப்பினர். குடியேறியோரைக் காய்ச்சல் கொன்றது. 1845இல் தரங்கம்பாடியை விற்றனர். 1848இல் நிக்கோபாரை விட்டுச் சென்றனர். வாழ முடியாமல் விட்டகன்ற நிலத்தை, 20 ஆண்டுகள் கழித்து விற்றனர்! நாமும் நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்போம். இராசேந்திர சோழனின் கடற்படை வென்றதாகக் கல்வெட்டுக் கூறும் மாநக்கவாரம் இந்நிக்கோபாரே என்று நாம் பெருமை பேசுகிறோம். அந்த வாளும் அத்தீவினரைக் கேட்டதில்லை.

கார் நிக்கோபாரில் நிலம் தனியொருவர் உடைமையன்று. ‘துகெத்’ என்னும் பெருங்குடும்பத்தின் பொதுவுடைமை. அதை விற்கக் கையொப்பமிடும் தனியாளை அவர்களிடையேயே காண்பது அரிது. கோபன்கேகனிலிருந்தவர் எப்படி விற்றார்?

அன்பர்களே! கேட்கப்படாமல் பங்கிடப்படும் துயரம் நமக்குப் புதிதன்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கைத் தோட்டத் தமிழருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேரின் முடிவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. தேயிலைக் கொழுந்து பறித்த தாயை, எந்தக் கரையில் உன் பிள்ளை வளர வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. அவ்வாறு அனுப்பப்பட்டவருள் சில குடும்பங்கள் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தன. கேட்கப்படாமல் கைமாறிய நிலத்தில், கேட்கப்படாமல் அனுப்பப்பட்ட மக்கள்!

ஆதலால் இத்தீவுகளில் வாழும் தமிழருக்கு ஒரு தனிக் கடமை உண்டு. பழங்குடியினர் நிலத்தைக் காக்க 1956இல் ஓர் ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. அதை நம் வாணிகத்துக்கு இட்ட தடையென்று எண்ணாதீர்கள். 1868இல் கேட்கத் தவறிய கேள்விக்குக் காலந்தாழ்ந்து கிடைத்த விடையென்று எண்ணுங்கள். தோட்டம், துறைமுகம், சாலை எது வருவதாயினும், முதலில் அங்கு வாழ்வோரைக் கேளுங்கள் என்று சொல்லும் முதற்குரல் நம்முடையதாகட்டும். கேட்கப்படாத துன்பத்தை அறிந்தவன் கேட்காமல் இருக்கலாமா? நம் பிள்ளைகளுக்கு நாம் விட்டுச்செல்லும் செல்வம் இந்நெறியே ஆகட்டும்.

வாழ்க தமிழ்! வாழ்க தீவு மக்கள்!