பேசாமல் விட்ட 38 விநாடிகள்



1930-களில் நியூயார்க்கில் ஒரு சிறுவன். வீட்டு வானொலிப் பெட்டி நான்கு கால்களில் நிற்கும் பெரிய பெட்டி. அதன் அடியில் தலையணையோடு நுழைந்து படுத்துக்கொள்வான். எங்கோ நடக்கும் ஆட்டம். எந்த அணி வென்றாலும் அவனுக்கு ஒன்றுதான். பார்வையாளர்களின் ஆரவாரம் மேலிருந்து தன்மேல் கொட்ட வேண்டும், அதற்காகவே படுத்திருப்பான். அவன் பெயர் வின் ஸ்கல்லி. 1950-ல், 22 வயதில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என்ற பேஸ்பால் அணியின் நேர்முக வர்ணனையாளர் குழுவில் சேர்ந்தார். 2016 வரை, 67 சீசன்கள், அதே அணிக்காகப் பேசினார். டாட்ஜர்ஸ் வரலாற்றின் சில பெரிய நாள்களை அவர் குரல் வழியாகவே இன்று பார்க்கப்போகிறோம். அவரிடம் நான் வியப்பது பேச்சுத் திறமையை மட்டுமல்ல. எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வது என்று அவர் அறிந்திருந்ததைத்தான் முதலில் சொல்வேன்.

பேஸ்பால் பழகாதவர்களுக்கு இரண்டு வார்த்தை. பந்தை எறிபவர் பிட்சர், மட்டையாளருக்குப் பின்னால் நின்று அதைப் பிடிப்பவர் கேட்சர். பந்து தரையில் குத்தாமல் நேராக வரும். அடித்திருக்கக்கூடிய பந்தைத் தவறவிட்டால் அது ஸ்ட்ரைக். மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் மட்டையாளர் அவுட், அதுவே ஸ்ட்ரைக்-அவுட். ஓர் அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் மூன்று அவுட். எதிரணியின் 27 பேரையும், ஒருவர்கூட ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்குப் போகவிடாமல், வரிசையாக வெளியேற்றினால் அது 'பெர்ஃபெக்ட் கேம்'. மிக அபூர்வமானது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே நிறைய நேரம் சும்மா கிடக்கும். வர்ணனையாளரின் தரம் தெரிவது அந்தச் சும்மா கிடக்கும் நேரத்தில்தான்.

ஸ்கல்லிக்குக் குருவாக அமைந்தவர், அவருக்கு முன்பிருந்தே டாட்ஜர்ஸ் ஆட்டங்களை வர்ணித்த ரெட் பார்பர். இந்த அணியின் தலையாய நாள் எது என்று கேட்டால் நான் 1947 ஏப்ரல் 15 என்பேன். அன்று ஜாக்கி ராபின்சன் என்ற கறுப்பின ஆட்டக்காரர் டாட்ஜர்ஸுக்காகக் களமிறங்கினார். கறுப்பினத்தவருக்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக மூடியிருந்த மேல்மட்ட பேஸ்பாலின் கதவு திறந்தது. பார்பரோ அமெரிக்காவின் தென்பகுதிக்காரர். இனப் பிரிவினை இயல்பு என்று நம்பிய சூழலில் வளர்ந்தவர். ராபின்சன் போன்ற ஒருவர் வரப்போகிறார் என்று முன்கூட்டியே கேள்விப்பட்டபோது, வேலையை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்திருக்கிறார். அப்புறம் ஒரு முடிவுக்கு வந்தார்: களத்தில் நடப்பதைச் சொல்வதே தன் தொழில். ராபின்சன் அடித்தால் அடித்தார் என்றும், ஓடினால் ஓடினார் என்றும் சொன்னார். தோலின் நிறம் அந்த வர்ணனைக்குள் வரவில்லை. எத்தனையோ காதுகளுக்கு ராபின்சன் ஓர் ஆட்டக்காரராகவே போய்ச் சேர்ந்தார். ஒன்றைச் சொல்லாமல் விடுவதற்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதை ஸ்கல்லி இவரிடமிருந்துதான் கற்றிருக்க வேண்டும்.

1955 அக்டோபர் 4. அதுவரை டாட்ஜர்ஸ், ஆண்டின் சாம்பியனைத் தீர்மானிக்கும் உலகத் தொடருக்கு ஏழு முறை போய், ஏழு முறையும் தோற்றிருந்தது. கடைசி ஐந்து தோல்விகளும் அதே நியூயார்க் நகரின் யாங்கீஸ் அணியிடம். 'அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்' என்பது புரூக்ளின் தெருக்களில் வழக்குச் சொல்லாகவே ஆகிவிட்டது. அன்று ஜானி பாட்ரஸ் என்ற இளம் பிட்சர் யாங்கீஸை ஒரு ரன்கூட எடுக்கவிடவில்லை. ஆறாவது இன்னிங்ஸில் இடதுபக்க எல்லையோரம் சாண்டி அமோரோஸ் ஓடிப்போய்ப் பிடித்த பந்து ஆட்டத்தைக் காப்பாற்றியது. 2-0. அன்று தொலைக்காட்சியில் இருந்த ஸ்கல்லி, புரூக்ளின் டாட்ஜர்ஸ் உலக சாம்பியன் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார், நிறுத்திவிட்டார். அதற்குமேல் ஒரு சொல் பேசியிருந்தாலும் அழுதிருப்பேன் என்று பிற்காலத்தில் சொன்னார்.

அந்த ஊருக்கு அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. 1957 சீசன் முடிந்ததும் அணியை லாஸ் ஏஞ்சலஸுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். புரூக்ளின் மனிதர்களுக்குச் செய்த அநியாயம் அது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை. புது ஊரில் முதல் நான்கு ஆண்டுகள் ஆட்டம் நடந்தது கொலீசியம் என்னும் பிரமாண்ட அரங்கில். பின்வரிசையில் உட்கார்ந்தால் பந்து கண்ணுக்கே தெரியாது. ஆகவே மக்கள் டிரான்சிஸ்டரைக் கையோடு எடுத்து வந்தார்கள். ஆட்டம் எதிரே நடக்கிறது, அதைக் காதால் பார்க்கிறார்கள்! 1960-ல் ஒருநாள், நடுவர் ஃபிராங்க் செக்கரிக்கு இன்று பிறந்தநாள், நான் ஒன்று இரண்டு மூன்று சொன்னதும் வாழ்த்துங்கள் என்றார் ஸ்கல்லி. அரங்கமே ஒரே குரலில் வாழ்த்தியது.

இனி, எனக்கு மிகப் பிடித்த இரவு. 1965 செப்டம்பர் 9, லாஸ் ஏஞ்சலஸின் டாட்ஜர் ஸ்டேடியம். சிகாகோ கப்ஸுக்கு எதிராக டாட்ஜர்ஸின் இடதுகைப் பிட்சர் சாண்டி கூஃபாக்ஸ் எட்டு இன்னிங்ஸில் 24 பேரை வரிசையாக வெளியேற்றியிருந்தார். எதிரணிப் பிட்சர் பாப் ஹெண்ட்லியும் லேசுப்பட்டவர் அல்லர். அவர் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ஹிட், அதாவது மட்டையாளரைப் பேஸில் சேர்த்த ஒரே ஓர் அடி. டாட்ஜர்ஸின் ஒரே ரன் ஹிட் எதுவும் இல்லாமல், எதிரணிக் கேட்சர் எறிந்த பந்து தவறியதில் வந்தது. ஒன்பதாவது இன்னிங்ஸின் ஒலிப்பதிவைக் கேட்டால், ஸ்கல்லி ஆரவாரமே செய்யவில்லை என்பது தெரியும். கூஃபாக்ஸ் நெற்றியைத் துடைக்கிறார், விரல்களால் முடியைக் கோதுகிறார், தொப்பியை இழுத்துவிடுகிறார் என்று சின்னச் சின்னச் செயல்களை வரிசையாகச் சொல்கிறார். நடுவே மணி சொல்கிறார்: 9:41, 9:44, 9:46. பதிவைப் பிறகு கேட்கப்போகும் கூஃபாக்ஸுக்கு நாளும் நேரமும் நினைவில் இருக்கட்டும் என்பதற்காகவே அப்படிச் செய்தார். ஆனால் கேட்கிற நமக்கு அந்த மணிக்கணக்கு வயிற்றைப் பிசைகிறது. கடைசி மட்டையாளர் ஹார்வி கீன் மட்டையைச் சுழற்றுகிறார், பந்து படவில்லை. 27-வது அவுட். கடைசி ஆறு பேரும் ஸ்ட்ரைக்-அவுட்.

அப்போது ஸ்கல்லி பேசவில்லை. 38 விநாடிகள். 29,139 பேரின் கூச்சல் மட்டும் ஒலிவாங்கிக்குள் பாய்கிறது. வானொலியில் 38 விநாடி மௌனம் என்பது எவ்வளவு பெரிய துணிச்சல் என்று ஒலிபரப்பு அறைக்குள் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்குத் தெரியும். வேறொருவராக இருந்தால் 'வரலாறு', 'அற்புதம்' என்று கத்தித் தீர்த்திருப்பார்.

1974 ஏப்ரல் 8-ல் அட்லாண்டாவில் அந்த ஊர் அணியின் ஹாங்க் ஆரன், டாட்ஜர்ஸ் பிட்சர் அல் டவுனிங்கின் பந்தை எல்லைக்கு வெளியே அடித்துத் தன் 715-வது ஹோம் ரன் எடுத்தார். பழம்பெரும் ஆட்டக்காரர் பேப் ரூத்தின் ஹோம் ரன் சாதனை தகர்ந்தது. கொலை மிரட்டல்களுக்கு நடுவே ஆடிய கறுப்பினத்தவர் அவர். டாட்ஜர்ஸுக்கு அது பாதகமான அடி. ஆனாலும் ஸ்கல்லி கூட்டத்தின் குரலுக்கு வழிவிட்டு நின்றார். ஒலிவாங்கிக்குத் திரும்பியபோது, தென்பகுதி மண்ணில் ஒரு கறுப்பு மனிதருக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள் என்பதைச் சொன்னார். சொல்லியே ஆக வேண்டியதும் அதுதான். 1947-ல் நிறத்தைச் சொல்லாதது சரி, 1974-ல் சொன்னதும் சரி. இரண்டையும் பிரித்தறியும் நிதானத்தையே நான் கலை என்கிறேன்.

1988-ல் இரண்டு கால்களிலும் காயத்தோடு வந்து டாட்ஜர்ஸின் கர்க் கிப்சன் அடித்த ஹோம் ரன்னுக்கும் அவர் ஒரு நிமிடத்துக்கு மேல் மௌனம் காத்தார். அது தொலைக்காட்சி, படம் கைகொடுத்தது.

ஸ்கல்லியை மட்டும் சொல்லி முடித்தால் பாதிக் கதைதான். டாட்ஜர் ஸ்டேடியம் எழுந்த சாவேஸ் ரவைன் ஒருகாலத்தில் மெக்சிகோ வம்சாவளியினர் வாழ்ந்த குடியிருப்பு. வீடு கட்டித் தருவதாகச் சொல்லி அவர்களை வெளியேற்றினார்கள். வீடு வரவில்லை, கடைசியில் அரங்கம்தான் வந்தது. அந்தக் கசப்பு பல ஆண்டுகள் இருந்தது. அந்த மக்களின் மொழியான ஸ்பானிஷில் 1959 முதல் டாட்ஜர்ஸ் ஆட்டங்களை வர்ணித்தவர் ஈக்வடாரிலிருந்து வந்த ஹைமே ஹரீன். தொடக்கத்தில் வெளியூர் ஆட்டங்களுக்கு அவரை அனுப்ப மாட்டார்கள். ஸ்டூடியோவில் உட்கார்ந்து ஸ்கல்லியின் ஆங்கிலத்தைக் காதில் வாங்கி, அதே மூச்சில் ஸ்பானிஷில் சொல்வார். 1981-ல் மெக்சிகோ கிராமத்திலிருந்து வந்த 20 வயது பிட்சர் ஃபெர்னாண்டோ வாலென்சுவேலா, முதல் எட்டு ஆட்டங்களிலும் வென்றார். அவற்றில் ஐந்தில் எதிரணிக்கு ரன்னே இல்லை. அரங்கத்துப் பக்கமே வராதிருந்த குடும்பங்கள் சாரிசாரியாக வந்தன. ஆங்கிலம் அறியாத அந்தப் பையனுக்குப் பத்திரிகையாளர் முன்னால் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தவரும் ஹரீன்தான். 2022 வரை அவர் ஒலிவாங்கியை விடவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் ஸ்கல்லி 94 வயதில் மறைந்தார்.

கூஃபாக்ஸின் அந்த ஒன்பதாவது இன்னிங்ஸ் ஒலிப்பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. விதிகள் எல்லாம் புரிய வேண்டியதில்லை. வாய்ப்புக் கிடைத்தால் கேட்டுப்பாருங்கள்.