பொது முனையின் பொறுப்பு



பிழைப்பின் பொருட்டுப் புனேயிலும் பரீதாபாத்திலும் பிலாயிலும் வாழும் தமிழர்களுள் பலர், ஆலைகளில் மின்பலகைகளின் முன்னே நாளைக் கழிப்பவர்கள். அப்பலகைகளில் 'காமன்' என்று குறித்த திருகு ஒன்று இருக்கும். அந்தப் பொது முனையைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

கார் மாதிரி மாறுந்தோறும் ரிலேக்களைப் பிரித்து மீண்டும் கம்பியிடும் தொல்லை அமெரிக்க ஆலைகளை வாட்டிவந்தது. அதற்கு மாற்றாக, 1968-இல் ஜெனரல் மோட்டார்ஸ் விடுத்த தேவையை ஒட்டி, டிக் மார்லி குழுவினர் 'மோடிகான் 084' என்ற கருவியைப் படைத்தனர். பி.எல்.சி. என்று நாம் அழைக்கும் கட்டுப்பாட்டுக் கருவியின் முன்னோடி அதுவே. ரிலேக்களின் வேலையை நிரல் ஏற்றுக்கொண்டது. ஆயினும் உணரிகளிலிருந்து கருவிக்கும், கருவியிலிருந்து மோட்டார் கான்டாக்டருக்கும் செல்லும் கம்பிகள் நீங்கவில்லை.

பதினாறு உள்ளீடுகளுக்குத் தனித்தனியே இரண்டிரண்டு முனைகள் வைத்தால் 32 வேண்டும். ஒரு பக்கத்தைப் பொதுவாக்கினால் 17 போதும். இடமும் கம்பியும் மிச்சம். எனவே பொது முனை வந்தது. ஊர்ப் பொதுக் கிணறு போன்றது அது. கயிறு வீட்டுக்கு வீடு வேறு, கிணறு ஒன்றே.

அதனைக் கையாளுமுன் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, மின்னழுத்தம் ஒன்றுதானா? 24 வோல்ட் வால்வும் 230 வோல்ட் கான்டாக்டர் சுருளும் ஒரே பொதுவில் சேரலாகா. வேறு குழுவின் பொது முனையை நாடுக.

இரண்டாவது, மொத்த மின்னோட்டம் எவ்வளவு? ரிலே வெளியீடு ஒன்று 2 ஆம்பியர் தாங்கும் என்றும், எட்டு வெளியீடுகள் சேர்ந்த பொதுவில் 8 ஆம்பியரே செல்லலாம் என்றும் கூறும் கையேடுகள் உண்டு. எட்டும் முழுச்சுமையில் இயங்கினால் 16 ஆகிவிடும். ஆகவே குழுவுக்கு ஓர் உருகி கட்டாயம்.

மூன்றாவது, உணரி எவ்வகை? பி.என்.பி. வகை நேர்மின் பக்கத்தை இணைத்துத் தருவது. அதற்குப் பொது முனை 0 வோல்ட். என்.பி.என். வகை எதிர்மின் பக்கத்தை இணைப்பது. அதற்குப் பொது முனை 24 வோல்ட். இரண்டையும் ஒரே குழுவில் கலந்தால் ஒரு வகையின் செய்தி கருவியை எட்டாது.

இனி முக்கியமானது ஒன்று. பொதுக் கம்பியைத் திருகுக்குத் திருகு தாவவிட்டுக் கட்டும் பழக்கம் உண்டு. நடுவே ஒரு திருகு தளர்ந்தால் அதற்கப்பாலுள்ளவை யாவும் ஊமையாகும். அவற்றுள் நிறுத்தும் பொத்தானும் ஒன்றாயின் என்ன நேரும்? அழுத்தும்போது மட்டும் இணையும் பொத்தானாயின், தொழிலாளி அழுத்துவார், இயந்திரமோ நில்லாது. அழுத்தாதபோது இணைந்தே இருக்கும் பொத்தானாயின், கம்பி அறுந்தவுடன் இயந்திரம் தானே நிற்கும். முன்னதில் போவது ஒருவருடைய கை. பின்னதில் போவது அரைமணி நேர உற்பத்தி. ஆதலின் நிறுத்தும் பொத்தானை இரண்டாம் முறையிலேயே கட்டுதல் வேண்டும். அவசர நிறுத்தத்தைச் சாதாரணக் கட்டுப்பாட்டுக் கருவியிடம் மட்டும் ஒப்படைத்தலும் தகாது. இயக்கு மின்சாரத்தை நேரே துண்டிக்கும் பாதுகாப்புச் சுற்று தனியே வேண்டும்.

தகுதி பெற்ற மின்பணியாளராகிய அன்பர்கள் இதனைச் சோதித்தறியலாம். இயக்கு மின்சாரத்தையும் காற்றழுத்தத்தையும் நிறுத்திப் பூட்டிவிட்டு, 24 வோல்ட் கட்டுப்பாட்டு மின்சாரத்தை மட்டும் வைத்து, உள்ளீட்டுக் குழு ஒன்றின் உருகியைக் கழற்றிப் பாருங்கள். எந்தெந்தச் சிறுவிளக்குகள் அணைகின்றன என்று குறித்துப் பலகையின் கதவிலேயே ஒட்டிவையுங்கள். அடுத்த முறைப்பணிக்கு வருபவர் எம்மொழியினராயினும் அக்குறிப்பு அவரைக் காக்கும்.

பொது என்பது எல்லாருக்கும் உரியது; ஆகவே எல்லாருடைய பொறுப்பும் ஆகும்.