நாதஸ்வரக் கலைஞர் அளவெட்டி என். கே. பத்மநாதன்



மேனாட்டு அணிவகுப்புகளிலே முரசும் ஊதுகொம்பும் இணைந்து முழங்குவதை நாம் அறிவோம். நம் நாட்டிலே அந்த முரசின் இடத்தில் தவிலும், கொம்பின் இடத்தில் நாதஸ்வரமும் நிற்கின்றன. இறைவன் வீதியுலா வருங்கால் முன்னே நடப்பது மேளம். பின்னே வருவது வாகனம். அதன் பின்னரே அடியார் கூட்டம். இவ்வாறு முன்னே நடந்து வாழ்நாளைக் கழித்த ஒருவரைக் குறித்தே இன்று பேச விழைகின்றேன்.

யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கிலே, கும்பிளாவளைப் பிள்ளையாரும் அழகொல்லை விநாயகரும் கோயில் கொண்ட ஊர் அளவெட்டி. கவிஞர் மஹாகவியை ஈன்ற ஊரும் அதுவே. அவ்வூர்ப் பெயரைத் தம் பெயரின் முன்னே தாங்கிய நாதஸ்வர வித்துவான் என். கே. பத்மநாதன் 1931ஆம் ஆண்டு பிறந்து, 2003ஆம் ஆண்டு மறைந்தார். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிலே நெடுங்காலம் நாதஸ்வரப் பணி புரிந்தமை அவர் வாழ்வின் தலையாய சிறப்பு.

அப்பணியின் கடுமையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். நாதஸ்வரத்திலே விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழே உள்ள ஐந்து துளைகள் சுருதியைச் சீர்செய்வதற்கானவை. சுர பேதங்களைக் காட்டுவதற்கு வேறு பொறி எதுவும் அதிலே இல்லை. துளையைப் பாதி மூடியும், மூச்சைக் கூட்டியும் குறைத்தும், சீவாளியை உதட்டால் அழுத்தியுமே நுண்ணிய கமகங்களைக் கொணர்தல் வேண்டும். இதனை அமர்ந்து வாசிப்பதே அரிது. நல்லூர் மகோற்சவமோ இருபத்தைந்து நாட்கள் நீடிப்பது. வெயிலிலும் புழுதியிலும், சன நெருக்கடியினூடே நடந்தும் நின்றும் வாசிக்க வேண்டும். சுவாமி புறப்படுகையில் கம்பீரநாட்டையிலே மல்லாரி, வைகறைக்குப் பூபாளம், பள்ளியறைக்கு நீலாம்பரி. வேளைக்கேற்ற இராகம் பிழைபடலாகாது. முதுமை எய்தியபின்னும் இதனை ஆற்றுவதற்கு மூச்சின் வலிமை மட்டும் போதாது. நாள்தோறும் செய்யும் சாதகமும் வேண்டும்.

இதே அளவெட்டியிலே வாழ்ந்தவர் தவில்மேதை வி. தட்சிணாமூர்த்தி. இணுவிலிலே 1933இல் பிறந்த அவர், 1975இல், தமது நாற்பத்தோராவது வயதில் மறைந்தார். தமிழகத்துப் பெருங்கலைஞரும் வியந்த கைகள் அவருடையவை. அவரைப் பற்றி அம்ஷன் குமார் 2015இல் ஆக்கிய ஆவணப்படம் இந்தியத் தேசிய விருதும் பெற்றது. மின்னலென ஒளிர்ந்து மறைந்த வாழ்வு அது. பத்மநாதனுடையதோ தூண்டாமணி விளக்கைப் போல நின்று எரிந்த வாழ்வு. மின்னலை வியக்க நாம் அறிவோம். நின்றெரியும் விளக்கையோ அது அணைந்த பின்னரே நினைக்கின்றோம்.

நேயர்களே, இக்கலைஞரை நாம் உண்மையில் கனம் பண்ணியிருக்கின்றோமா? பொன்னாடை போர்த்தினோம், பட்டங்கள் சூட்டினோம். ஆயினும் இந்தக் கலையைக் கோயிலின் வெளிவீதியிலே நிறுத்தி, கலைஞரின் குலத்தை நோக்கி ஆசனத்தை அளந்த வழக்கமும் நம்மிடையே இருந்தது. தமிழகத்திலே திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை தம் வித்தையின் மதிப்பை நிலைநாட்டத் தலைநிமிர்ந்து நின்றார் என்றால், நிமிர வேண்டிய நிலையிலே அவரை வைத்தவர்கள் யார் என்பதையும் நாம் எண்ணுதல் வேண்டும்.

இன்னொரு குறையும் உண்டு. யாழ்ப்பாணத்துத் திருவிழாக்களிலே மேளச்சமா என்றால் விடியும்வரை விழித்திருந்து கேட்ட காலம் ஒன்றிருந்தது. பின்னர்ப் போர் வந்தது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தது. கலைஞரும் இரசிகரும் திசைக்கொருவராயினர். இன்றோ பல கோயில்களிலே மின்விசையால் இயங்கும் மேளமும் மணியும் பூசை வேளையில் ஒலிக்கின்றன. அந்தப் பொறிக்குக் களைப்பில்லை; கூலியுமில்லை. ஆனால் அது வைகறையையும் அந்தியையும் வேறுபடுத்தி அறியாது. தேர் அசையும் கணத்திலே அடியார் நெஞ்சம் நெகிழ்வதை உணர்ந்து, ஒரு பிடியை நீட்டி வாசிக்கவும் அதனால் இயலாது.

ஆகவே, பத்மநாதனுக்கு நாம் செய்யத்தக்க மரியாதை எளியது. நம்மூர்க் கோயிலிலே நாள்தோறும் வாசிக்கும் இளங்கலைஞருக்கு உரிய ஊதியத்தை உரிய நாளிலே கொடுப்போம். அவரோடு ஒத்திசைக்கும் தவில்காரரையும், தாளம் போடும் சிறுவனையும் பெயர் சொல்லி அழைப்போம். சுவாமி வடக்கு வீதியிலே தரிக்கும்போது, ஆலாபனை முடியும்வரை பேச்சை நிறுத்தி நின்று கேட்போம். கேட்பார் இருக்கும்வரை ஊதுவாரும் இருப்பர்.