ஒரு துளி இரத்தம் சொல்வதும் சொல்லாததும்

(தோட்டக் கிளைச் சங்கத்தின் மாதக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற தோட்ட டிரெசர் ஒருவர் ஆற்றிய உரை)

சம்பளம், போனஸ், லயத்து வீடு என்று பேசுகிற மேடையில் சிறுநீரகத்தைப் பற்றிப் பேச ஒரு டிரெசர் வந்து நிற்கிறாரே என்று சிலர் சிரிக்கலாம். சிரியுங்கள். ஆனால் முடியும் வரை இருந்து கேளுங்கள். நான் பேச வந்திருப்பது உங்கள் சம்பளத்தையும் வீட்டையும் பற்றியும்தான்.

எங்கள் தோட்டத்தில் ஒரு பால்மரத் தொழிலாளி இருந்தார். என்னைவிட மூத்தவர், அண்ணன் என்றே அழைப்பேன். பன்னிரண்டு ஆண்டுகளாக இனிப்பு நீர் வியாதிக்காரர். ஒரு நாள் கையில் ஒரு காகிதத்தோடு ஓடி வந்தார். வீட்டிலேயே விரலைக் குத்தி இரத்தம் எடுத்து, தபாலில் அனுப்பிப் பார்க்கிற சோதனைப் பெட்டி ஒன்றை அவர் மகன் பட்டணத்திலிருந்து வாங்கித் தந்திருந்தான். காகிதத்தில் 78 என்று இருந்தது. "தம்பி, சிறுநீரகம் நன்றாக இருக்கிறதாம்!" என்றார். நானும் அந்த எண்ணைப் பார்த்தேன், தலையை ஆட்டினேன். "நல்லதுதான் அண்ணே" என்றேன்.

தோழர்களே, அன்று நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

நம் பாட்டிமார் குண்டிக்காய் என்பார்களே, அதுதான் சிறுநீரகம். முதுகுப் பக்கம், விலா எலும்புக்குக் கீழே, இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் சுமார் பத்து லட்சம் சல்லடைகள். ஒரு நாளில் அவை வடிகட்டுவது ஏறக்குறைய 180 லீட்டர். அதில் வெளியே போவது ஒன்றரை லீட்டர் சிறுநீர்தான். மற்றதெல்லாம் திரும்ப உடம்புக்கே போய்ச் சேருகிறது. இந்தச் சல்லடைகளில் பாதி கெட்டாலும் வலி இராது, காய்ச்சல் இராது. மீதிப் பாதி வாய் திறவாமல் இரட்டை வேலை செய்யும். முறையீடு செய்யத் தெரியாத தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஆகவேதான் சோதனை வேண்டியிருக்கிறது. நம் தசைகள் வேலை செய்யும்போது கிரியேட்டினின் என்ற கழிவு உண்டாகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. வெளியேற்றுவது குறைந்தால் அது இரத்தத்தில் தேங்கும். அந்த அளவோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டு, வடிகட்டும் வேகத்தை ஓர் எண்ணாகச் சொல்கிறார்கள். 90க்கு மேல் நல்லது. 60க்குக் கீழே இறங்கி மூன்று மாதம் அப்படியே நின்றால் நாட்பட்ட சிறுநீரக நோய். 15க்குக் கீழே போனால் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்கும் நிலை நெருங்கிவிட்டது.

கிராணிமார்கள் கணக்குப் பார்க்கிறவர்கள். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இரண்டு பேருக்கும் கிரியேட்டினின் 100 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 வயது வாலிபனுக்கு வடிகட்டும் வேகம் சுமார் 92. 65 வயதுப் பாட்டிக்கு அது சுமார் 54தான். எண் ஒன்று, பொருள் இரண்டு. ஆகவே காகிதத்தில் கிரியேட்டினின் மட்டும் இருந்தால் போதாது. வடிகட்டும் வேகத்தையும் கேளுங்கள். உடம்பில் சதை வற்றி மெலிந்தவர்களுக்குக் கிரியேட்டினினே குறைவாக ஊறும். அவர்களுக்கு நோய் இருந்தும் எண் நன்றாகத் தெரியலாம். அதற்கு மாறாக, முதல் நாள் இரவு ஆட்டுக்கறி விருந்து உண்டு, மறுநாள் வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் குத்திப் பார்த்தால் நல்ல சிறுநீரகமும் கெட்டதுபோல் தோன்றும். ஒரு தடவை பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஒரு தடவை பார்த்து நிம்மதி கொள்ளவும் வேண்டாம்.

இனி, நான் கேட்காமல் விட்ட கேள்விக்கு வருகிறேன்.

நிறுவைக் களத்தில் பாலின் கனத்தை மட்டும் பார்த்துக் கணக்கு எழுதிவிடுகிறார்களா? இல்லை. மெட்ரலாக்கை விட்டு, பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். சிறுநீரகத்துக்கும் அப்படி இரண்டு சோதனைகள் உண்டு. ஒன்று இரத்தம், மற்றொன்று சிறுநீர். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குச் சல்லடை கெடத் தொடங்கும்போது, பெரும்பாலும் முதலில் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகும். அப்போது இரத்தச் சோதனை நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். நான் அண்ணனிடம் கேட்டிருக்க வேண்டியது இதுதான்: "சிறுநீரைச் சோதித்தீர்களா?"

கேட்கவில்லை. அவரும் அந்தக் காகிதத்தை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தினார். கை வலிக்கும் முதுகு வலிக்கும் கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கினார். ஆறு ஆண்டில் வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு கட்டுண்டார். விடியற்காலையில் மரம் வெட்டப் போக முடியுமா? வேலை போயிற்று; வேலையோடு லயத்து வீடும் போயிற்று. நான் ஆட்டிய தலைக்கு அவர் கொடுத்த விலை இது.

இது ஒருவர் கதையல்ல. 2018ஆம் ஆண்டு மலேசியாவில் எடுத்த ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 15 பேருக்கு மேல் நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்பட்டது. 2011இல் அது 9 பேராக இருந்தது. நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 5 பேருக்குத்தான் அது முன்பே தெரிந்திருந்தது! 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வில், இனிப்பு நீர் வியாதி நம் இந்திய மக்களிடம்தான் மிக அதிகம். நூற்றுக்கு 31 பேர். ஆகவே இது நம் வீட்டு வாசலில் நிற்கிற பகை.

அப்படியானால் வீட்டுச் சோதனைப் பெட்டியைத் தூக்கி எறிய வேண்டுமா? வேண்டாம். டாக்டரிடம் போகவே பயப்படுகிறவரை அது ஓர் அடி நகர்த்துமானால் நல்லதே. கையை வெந்நீரில் கழுவுங்கள், விரல் நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள், பிதுக்கிப் பிழியாதீர்கள். ஆனால் காகிதம் வந்ததும் அதைப் பெட்டியில் பூட்டாமல் டாக்டரிடம் கொண்டுபோங்கள். அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 ரிங்கிட். அந்தப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! நாற்பது வயது கடந்த சந்தாதாரர்களுக்குச் சொக்சோவின் உடல்நலப் பரிசோதனைத் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது, அதையும் கேட்டறியுங்கள்.

இனிப்பு நீர், இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தம், சிறுநீர் இரண்டையும் பாருங்கள். டாக்டர் தந்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். சல்லடையைக் காக்கிற மருந்துகள் இன்று உண்டு. வலி மாத்திரையைக் கேட்காமல் விழுங்காதீர்கள். நிரைக்குப் போகும்போது வாளியோடு தண்ணீர்ப் போத்தலும் போகட்டும். மத்திய அமெரிக்காவில் கரும்புத் தோட்டத்து வாலிபர்கள் ஆயிரக்கணக்கில் சிறுநீரகம் கெட்டு மாண்டார்கள். கடும் வெயிலும் தண்ணீரில்லா உழைப்பும் முக்கியக் காரணம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகிறார்கள். நமக்கும் அது பாடம்.

கடைசியாக, சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பரிசோதனைக்குப் போகிற நாளில் சம்பளம் பிடிக்கப்படும் என்றால் எந்தத் தொழிலாளி போவான்? ஆண்டில் ஒரு நாள், சம்பளத்தோடு, பரிசோதனைக்கு விடுமுறை வேண்டும் என்ற தீர்மானத்தை இந்தக் கிளை நிறைவேற்ற வேண்டும். வெட்டுக்காட்டில் நிழலும் குடிதண்ணீரும் வேண்டும் என்பதையும் அதில் சேருங்கள்.

அடுத்த தடவை ஒரு தோழர் காகிதத்தைக் காட்டி "நன்றாக இருக்கிறதாம்" என்றால், என்னைப்போல் தலையாட்டிவிடாதீர்கள். "சிறுநீரைப் பார்த்தாயா?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஒரு குடும்பத்தின் வீட்டைக் காக்கும்.