வைரஸும் நம் வம்சமும்

(கராச்சர்மாவில் நடைபெற்ற உறுப்பினர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரே வீட்டில் நாலு பேருக்கு ஜுரம் வருகிறது. மூன்று பேர் ஒரு வாரத்தில் எழுந்து விடுகிறார்கள். ஒருவர் மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்கிறது. ஏன் இப்படி? கொரோனா சமயத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி இது. வயது, சர்க்கரை வியாதி, தடுப்பூசி என்று பல காரணங்கள் உண்டு. அவற்றுடன் பிறவியிலேயே வந்த ஒரு காரணமும் உண்டு. அதுதான் ஜீன். நாம் வசிக்கும் இந்தத் தீவை வைத்தே அதைச் சொல்லப் பார்க்கிறேன்.

வைரஸ் நம் உடலின் செல்லுக்குள் நுழைய ஒரு வாசல் வேண்டும். எய்ட்ஸ் வைரஸுக்குப் பெரும்பாலும் சி.சி.ஆர்.5 என்ற புரதம் வாசல். அந்த ஜீனின் ஒரு துண்டு சிலருக்குப் பிறவியிலேயே இல்லை. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அதே குறையைப் பெற்றவர்களை அந்த வைரஸ் பெரும்பாலும் தொற்றுவதில்லை என்று 1996ல் கண்டார்கள். வட ஐரோப்பியரிடம் இது அதிகம். நம் நாட்டில் மிக அபூர்வம்.

இன்னொரு வகை ஜீன்கள், எச்.எல்.ஏ. என்பவை, வாசல் காவலாளி மாதிரி. உள்ளே வந்த வைரஸின் துண்டைப் பிடித்து நோய் எதிர்ப்பு செல்களுக்குக் காட்டிக் கொடுக்கும். அம்மா வழியில் ஒன்று, அப்பா வழியில் ஒன்று என்று ஒவ்வொன்றிலும் நமக்கு இரண்டு. இரண்டும் வெவ்வேறாக இருந்தால் அதிக வகைக் கிருமிகளை அடையாளம் காணலாம். ஒன்றே போல் இருந்தால் ஒரு காவலாளி குறைந்த கணக்கு.

சின்னஞ்சிறு சமூகங்களில் இப்படி நேர்வது சகஜம். 2011 கணக்கெடுப்பில் ஓங்கிகள் 101 பேர், ஜாரவாக்கள் 380 பேர். ஹைதராபாத் சி.சி.எம்.பி.யைச் சேர்ந்த நம் தமிழர் டாக்டர் குமாரசாமி தங்கராஜும், காசி ஹிந்து சர்வகலாசாலையின் ஞானேஷ்வர் சௌபேயும் குழுவினருடன் 227 இனக்குழுக்களைச் சேர்ந்த 1,600க்கும் மேற்பட்டோரின் ஜீன்களை ஆராய்ந்து 2021ல் முடிவை வெளியிட்டார்கள். தாய்வழியும் தந்தைவழியும் ஒன்றேயான நீண்ட பகுதிகள் ஓங்கி, ஜாரவா மக்களிடம் அதிகம். ஆகவே கொரோனாவால் அவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருக்கலாம் என்பதே அது.

ஆனால் எல்லாவற்றையும் ஜீன் தலையில் போட்டுவிடக் கூடாது. 1858ல் இங்கே கைதிகள் குடியேற்றம் ஏற்பட்டது. 1877ல் தட்டம்மை பரவி கிரேட் அந்தமானியர் கூட்டம் கூட்டமாக மாண்டார்கள். 1901ல் 625 பேர்; 1961ல் 19 பேர்தான். அந்த அம்மையை அவர்கள் உடல் அதற்கு முன் கண்டதேயில்லை, வைத்தியமும் போதவில்லை. அந்த நோயைக் கொண்டு போய்ச் சேர்த்தவர்கள் வெளியிலிருந்து வந்தவர்களே.

அதே கிரேட் அந்தமானியரில் சுமார் பத்துப் பேருக்கு 2020 ஆகஸ்டில் கொரோனா வந்தது. பரிசோதனை செய்து, தனிமைப்படுத்தி, சிகிச்சை தந்தார்கள், குணமடைந்தார்கள்.  143 வருஷத்தில் கவனிப்பு மாறியிருந்தது.

நம் விஷயத்துக்கு வருகிறேன். தங்கராஜ் குழுவினரும் அமெரிக்க விஞ்ஞானிகளும் சேர்ந்து 2017ல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 263 சமூகங்களில் 81க்கு மூதாதையர் வட்டம் மிகக் குறுகியது என்று தெரிய வந்தது. தலைமுறை தலைமுறையாக உள்ளுக்குள்ளேயே மணம் செய்ததன் பலன். நாம் கோத்திரம் பார்க்கிறோம், வாஸ்தவம். ஆனால் கோத்திரம் தந்தை வழியை மட்டுமே பார்க்கும். மாமா பெண்ணும் அத்தை பிள்ளையும் வேறு கோத்திரம்; பாட்டி தாத்தா மட்டும் ஒன்று! ஆகவே ஜாதகத்தோடு இரு குடும்பங்களின் வியாதி விவரத்தையும் கேட்டுக்கொள்வதில் தப்பில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து வரும் உறவினர்களைப் பாராடாங் குகை பார்க்க அழைத்துப் போகிறோம். ஜிர்காடாங் தாண்டினால் ஜாரவா காடு. அங்கே வண்டியை நிறுத்துவதோ, பிஸ்கட் நீட்டுவதோ, போட்டோ எடுப்பதோ கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம். நமக்கு இரண்டு நாள் ஜலதோஷமாகப் போவது அவர்களுக்குப் பெரும் விபத்தாகலாம். வீட்டில் யாருக்காவது இருமலோ ஜுரமோ இருந்தால் அந்தப் பயணத்தையே ஒத்திப்போடுங்கள். குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசியைத் தவறாமல் போடுங்கள்.

ஜீன் நம் கையில் இல்லை. வைரஸை யார் வாசலுக்கும் கொண்டு போகாமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.